டிக்கன்ஸ் குழந்தைகளுக்குத் தொடராக எழுதிய இங்கிலாந்து வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கிலச் சிறார் நூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ சைல்ட்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’ எப்படியும் வந்துவிடும். அதோடு அதே சந்தேகங்களும் வரும். பெற்றோர், ஆசிரியர்கள், ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

டிக்கன்ஸ் நாவல்தானே எழுதினார்? வரலாறு எப்போ எழுதினார்?

1851 முதல் 1853 வரை எழுதினார். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ முடிந்த கையோடு தொடங்கி, ‘ப்ளீக் ஹவுஸ்’ எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க இதையும் கூடவே எழுதினார். ரோமானியர் வருவதற்கு முந்தைய பிரிட்டனில் தொடங்கி, இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்த 1688–89 புரட்சி வரை, அரசர் வரிசையில் போகிற 37 அதிகாரங்கள் கொண்ட நூல் இது.

அவருடைய நூல்களில் அதிகம் பேசப்படாதவற்றில் இதுவும் ஒன்று. நாவல்களைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான். டிக்கன்ஸ் எதை வெறுத்தார், யார் பக்கம் நின்றார் என்பது இவ்வளவு பச்சையாகத் தெரிகிற இடம் வேறில்லை.

தொடர்னா, வாராவாரம் வந்துச்சா?

வாரப் பத்திரிகையில் வந்தது, ஆனால் வாரந்தோறும் வரவில்லை. ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் 1851 ஜனவரி 25 அன்று முதல் பகுதி, 1853 டிசம்பர் 10 அன்று கடைசிப் பகுதி. இடையில் 150 வாரங்கள். அதிகாரங்கள் 37தான் என்பதால், சராசரியாகப் பார்த்தால் நாலு வாரத்துக்கு ஓர் அதிகாரம். சில நீண்ட அதிகாரங்கள் பிரித்துப் போடப்பட்டன. அடுத்தது எந்த வாரம் வரும் என்று வாசகரால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மூன்று சிறு தொகுதிகளாகப் புத்தகமாகவும் வந்தது. பிராட்பரி அண்ட் எவான்ஸ் வெளியிட்ட அந்தத் தொகுதிகளில் 1852, 1853, 1854 என்று ஆண்டு இருக்கும். பத்திரிகையில் படமே கிடையாது. புத்தகத்தில் மட்டும் எஃப். டபிள்யூ. டோபம் வரைந்த முகப்புப் படங்கள் உண்டு.

அந்தப் பத்திரிகை சிறுவர் பத்திரிகையா?

இல்லை. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ 1850 மார்ச் 30 அன்று டிக்கன்ஸ் தொடங்கிய பொதுவான குடும்ப வாரப் பத்திரிகை. சாக்கடை வசதி, தொழிற்சாலை விபத்துகள், பள்ளிகளின் நிலை, பயணக் கட்டுரை, கதை, கவிதை எல்லாம் அதில் வரும். எலிசபெத் காஸ்கெலின் ‘கிரான்ஃபோர்ட்’ நாவல் வந்ததும் இதே பத்திரிகையில், இதே ஆண்டுகளில்தான்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே குழந்தைகளுக்கான வரலாறு ஒன்று வந்ததை மனதில் வைத்துப் படித்தால் பல விஷயங்கள் புரியும். பெரியவர் கையிலிருக்கும் தாளில் பிள்ளைக்கான பக்கம் இது. டிக்கன்ஸ் குழந்தையைப் பார்த்துப் பேசுகிறார், ஆனால் பின்னால் நிற்கும் அப்பா அம்மாவின் காதிலும் விழ வேண்டும் என்று தெரிந்தே பேசுகிறார்.

இன்னொன்று: அந்தப் பத்திரிகையில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. ஆனால் ‘நடத்துபவர் சார்லஸ் டிக்கன்ஸ்’ என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

என்ன விலை? ஏழை வீட்டுப் பிள்ளைங்க படிச்சிருப்பாங்களா?

இதழ் விலை 2 பென்ஸ், 24 பக்கம், இரண்டு பத்தியாக நெருக்கி அச்சிட்டது. டிக்கன்ஸின் நாவல்கள் மாதப் பகுதிகளாக வந்தபோது ஒரு பகுதி 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். ஆறில் ஒரு பங்கு விலைக்குப் பத்திரிகை கிடைத்தது. ஆகவே நடுத்தரக் குடும்பங்களோடு குமாஸ்தாக்கள், கைவினைஞர்கள் வீட்டுக்கும் அது எட்டக்கூடியதாக இருந்தது.

அதற்கும் கீழே போனால் விலையை விடப் பெரிய தடை எழுத்தறிவு. நாடெங்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கு வழி செய்த சட்டம் 1870இல்தான் வந்தது. கட்டாயக் கல்வி 1880இல். இந்தத் தொடர் அதற்கெல்லாம் ஏறக்குறைய 20, 30 ஆண்டுகள் முந்தியது. ஒருவர் உரக்கப் படிக்க வீட்டார் கேட்பது அன்று சாதாரணம். இதன் நடையும் உரக்கப் படிப்பதற்கு ஏற்றதுதான்.

சொந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் எழுதினாரா?

ஆமாம், சமர்ப்பணமே அவர்களுக்குத்தான். இதே பொருளில் இன்னும் பெரிய, இன்னும் நல்ல நூல்களைப் பின்னாளில் ஆர்வத்தோடு படிக்க இது உதவும் என்று நம்புவதாக அதில் எழுதியிருக்கிறார். இதோடு நின்றுவிடாதே, மேலே போ என்று புத்தகமே முதல் பக்கத்தில் சொல்கிறது.

எண்ணம் பழையது. 1843இல், மூத்த மகன் சார்லிக்கு 6 வயதாக இருக்கும்போதே, தன் பையனுக்காகச் சின்னதாக ஓர் இங்கிலாந்து வரலாறு எழுதுவதாக நண்பர் டக்ளஸ் ஜெரால்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பையன் தலையில் பழமைவாதக் கருத்துகளோ மேட்டிமைத் திருச்சபைக் கருத்துகளோ (சடங்கிலும் குருமார் அதிகாரத்திலும் கத்தோலிக்கத்தை ஒட்டி நிற்கும் ஆங்கிலத் திருச்சபைப் பிரிவு அது) ஏறிவிடக் கூடாது, சொன்னதையே சொல்லும் அந்தக் கிளிகளின் கழுத்தைத் தொட்டிலிலேயே திருகிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நூல் முழுக்க ஓடும் கோபத்தின் வேர் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

அவர் கைப்பட எழுதவே இல்லைன்னு சொல்றாங்களே?

வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் தவறு. பெரும்பகுதியை டிக்கன்ஸ் வாயால் சொல்லச் சொல்ல, அவர் மனைவியின் தங்கை ஜார்ஜினா ஹோகார்த் எழுதிக்கொண்டார். நாவல்களை அவர் தன் கையால்தான் எழுதினார். இதை மட்டும் இப்படிச் செய்தார்.

அன்றைய அவர் நிலையையும் பாருங்கள். வாரப் பத்திரிகையின் ஆசிரியர் வேலை. 1852 மார்ச்சிலிருந்து மாதந்தோறும் ‘ப்ளீக் ஹவுஸ்’ பகுதி. தொடர் தொடங்கிய சில வாரங்களில், 1851 மார்ச் 31 அன்று தந்தை இறந்தார். இரண்டு வாரம் கழித்து எட்டு மாதக் கைக்குழந்தை டோராவும் போய்விட்டாள். இதற்கு நடுவே வந்த எழுத்து இது. வாயால் சொன்னது என்பது வாக்கிய ஓட்டத்தில் கேட்கும். மூச்சு வாங்கும் இடங்கள், திரும்பச் சொல்லும் இடங்கள், ‘இதைக் கேள்’ என்று பிள்ளையை இழுத்து உட்கார வைக்கும் இடங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆராய்ச்சி பண்ணி எழுதினாரா?

இல்லை. ஆவணங்களைத் தேடிப் போகவில்லை. அன்று புழக்கத்தில் இருந்த வரலாற்று நூல்களை, குறிப்பாகத் தாமஸ் கெய்ட்லியின் இங்கிலாந்து வரலாற்றை, பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் குரலில் திருப்பிச் சொன்னார். நிகழ்வுகள் கடன் வாங்கியவை. தீர்ப்பு மட்டும் சொந்தம்.

உரையாடல் எல்லாம் வருதே, அப்போ இது சரித்திர நாவலா?

நாவல் இல்லை. கற்பனைப் பாத்திரம் எதையும் அவர் உள்ளே விடவில்லை. ஆனால் காட்சியாக்கும் கை நாவலாசிரியருடையது. 1120 நவம்பரில் மூழ்கிய, ‘வெள்ளைக் கப்பல்’ என்று பெயர் கொண்ட கப்பலைச் சொல்லும் இடம் போதும் இதற்கு.

முதலாம் ஹென்றியின் மகன் நார்மண்டியிலிருந்து இங்கிலாந்து திரும்ப வேண்டும். அப்பா வேறு கப்பலில் முன்னால் போய்விட்டார். இளவரசன் 50 மாலுமிகளுக்கு மூன்று பீப்பாய் மது கொடுக்கச் சொல்கிறான். பிரபு வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் சேர்த்து 300 பேர். நிலா வெளிச்சத்தில் ஆட்டம் பாட்டம். கப்பல் பாறையில் மோதுகிறது. இளவரசனைச் சிறு படகில் ஏற்றித் தப்ப வைக்கிறார்கள். தூரத்தில் சகோதரியின் குரல் கேட்டதும் படகைத் திருப்பச் சொல்கிறான். திரும்பிய படகில் அத்தனை பேர் பாய்ந்து ஏற, படகும் கவிழ்கிறது, அதே நொடியில் கப்பலும் போகிறது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மிதக்கிறார்கள்: ஒருவன் பிரபு வீட்டு இளைஞன், இன்னொருவன் ரூவான் நகரத்துக் கசாப்புக்காரன். கப்பல் தலைவன் நீந்தி வந்து இளவரசன் எங்கே என்று கேட்கிறான். போய்விட்டான் என்று தெரிந்ததும் தானும் முங்கிவிடுகிறான். குளிர் தாங்காமல் இளைஞன் விடைபெற்றுக்கொண்டு கையை விடுகிறான். காலையில் மீனவர்கள் கண்ணில் படுவது ஆட்டுத்தோல் கோட்டோடு மிதக்கும் கசாப்புக்காரன் மட்டும்.

மூன்று நாள் யாருக்கும் ராஜாவிடம் சொல்லத் துணிவில்லை. கடைசியில் ஒரு சிறுவனை அழுதுகொண்டே அனுப்பி வைக்கிறார்கள். ராஜா சடலம்போல் சாய்கிறார், அதன் பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இங்கே நிறுத்தினால் அது எல்லோரும் சொல்லும் கதை. டிக்கன்ஸ் அடுத்த வரியிலேயே, ஆனால் அவர் பழையபடி சதி செய்தார், வாக்குக் கொடுத்தார், லஞ்சம் கொடுத்து ஆள் பிடித்தார் என்று சேர்க்கிறார். ராஜாவின் துக்கத்துக்காக அழுத பிள்ளை, அந்த ராஜா யார் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே நான் இந்த நூலைப் பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

ஆல்ஃபிரட் ராஜா ரொட்டியைக் கருக விட்டது, கன்யூட் ராஜா அலையை நிற்கச் சொன்னது, இதெல்லாம் நிஜமா?

இவை பிற்காலத்தில் சேர்ந்த கதைகள் என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் பார்வை. டிக்கன்ஸ் இவற்றைக் கேள்வி கேட்காமல் சொல்லிவிடுகிறார். ஆகவே தகவலுக்காக இந்த நூலை நம்பக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விழுங்குபவர் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்டை அரசி எலினார் வழி சிக்கலான ஒரு மாளிகையில் கண்டுபிடித்து, கத்தியா விஷமா என்று கேட்ட கதையைச் சுவையாகச் சொல்லிவிட்டு, மாளிகையும் இல்லை, கத்தியும் இல்லை, விஷமும் இல்லை, அந்தப் பெண் கன்னிமாடத்தில் அமைதியாக இறந்திருப்பாள் என்று எண்ணுவதாகச் சொல்கிறார். சிறைப்பட்ட முதலாம் ரிச்சர்டை ஒரு பாணன் பாட்டுப் பாடியே தேடிக் கண்டுபிடித்த கதைக்கு அவர் கருத்து, வேண்டுமானால் நம்பிக்கொள் என்பது. இதைவிட மோசமானவற்றையும் எளிதாக நம்ப முடியும் என்கிறார். உடனே, ரிச்சர்ட் இளவரசராக இல்லாதிருந்தால் இன்னும் நல்லவராக இருந்திருக்கலாம், இத்தனை ரத்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது என்கிறார்.

ராஜாக்களை இப்படித் திட்டியிருக்காரே, ராணி ஆண்ட காலத்துல யாரும் ஒண்ணும் சொல்லலையா?

சட்டப்படி தடை எதுவும் வரவில்லை. இறந்துபோன அரசர்களைத் திட்டுவது அன்று குற்றமாக இல்லை. விக்டோரியாவைப் பற்றிக் கடைசி அதிகாரத்தில் நல்லவர், மக்கள் அன்பைப் பெற்றவர் என்று எழுதி, ஊர்த் தண்டோராக்காரனைப் போல் ‘கடவுள் ராணியைக் காக்கட்டும்’ என்று முடிக்கிறார்.

மற்றவர்கள் தப்பவில்லை. எட்டாம் ஹென்றியை சகிக்கவே முடியாத ரவுடி, மனித குலத்துக்கே அவமானம், இங்கிலாந்து வரலாற்றின் மேல் விழுந்த ரத்தமும் கொழுப்புமான கறை என்கிறார். முதலாம் ஜேம்ஸுக்கு அவருடைய செல்லப் பிரபு பக்கிங்ஹாம் வைத்த பன்றிப் பட்டப்பெயரையே பிடித்துக்கொண்டு, அரசரை அந்தப் பெயராலேயே அழைத்துக்கொண்டு போகிறார். குதூகல மன்னர் என்று பெயர் எடுத்த இரண்டாம் சார்லஸின் அதிகாரத்தில் அந்தக் குதூகலம் என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் போட்டு, அதன் கீழே தூக்கு, சித்திரவதை, ஊதாரித்தனம் என்று அடுக்குகிறார். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். வகுப்பில் படித்துக் காட்டினால் இந்த இடத்தில் சிரிப்பு வரும், பிறகு அமைதியாகிவிடும்.

அப்போ அவருக்குப் பிடிச்சவங்களே கிடையாதா?

உண்டு. ஆல்ஃபிரட்தான் தலைமகன். 12 வயது வரை படிக்கத் தெரியாத அந்தப் பையனுக்கு அம்மா ஒரு சித்திரப் புத்தகத்தைக் காட்டி, நாலு பிள்ளைகளில் யார் முதலில் படிக்கக் கற்கிறீர்களோ அவர்களுக்கே இது என்று சொன்ன கதையில் தொடங்குகிறார். பிறகு அவர் மெழுகுவர்த்தியில் கோடு கீறி நேரம் பார்த்தது, காற்றில் அது சீராக எரியாததால் கொம்பைத் தகடாக்கி லாந்தர் செய்தது என்று போகிறது. முடியாட்சியை வீழ்த்திய கிராம்வெல்லைக் குறைகளோடு மதிக்கிறார். ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த ஆங்கிலேயரைச் சாடுகிறார். அவளால் முடிசூடிய பிரெஞ்சு அரசரோ அவர் அவையில் ஒரே ஒருவரோ அவளைக் காப்பாற்ற விரல் அசைக்கவில்லை என்பதையும் விடாமல் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1381 உழவர் கிளர்ச்சி. அதன் தலைவர் வாட் டைலரை வெறும் கலகக்காரராகச் சொல்லிப் போவதுதான் வழக்கம். டிக்கன்ஸ் எழுதியது வேறு: அவர் உழைப்பாளி, நிறையப் பட்டவர், கொடுமைக்கு ஆளானவர், அவருடைய தோல்வியில் அன்று களித்த, இன்றுவரை களிக்கும் ஒட்டுண்ணிகளை விட உயர்ந்த குணமும் துணிவும் உள்ளவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கான நூலில், 1850களில், இதை எழுத ஒரு மனம் வேண்டும்.

கத்தோலிக்கர்களுக்கு எதிரான புத்தகம்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

பெரும்பாலும் உண்மை. துறவிகள் வந்தாலே சந்தேகக் கண்தான். 10ஆம் நூற்றாண்டுப் பேராயர் டன்ஸ்டன் தந்திரக்காரராக வருகிறார். கத்தோலிக்க அரசி முதலாம் மேரி ரத்தக்கறையோடு மட்டுமே வருகிறார். மேலே சொன்ன 1843 கடிதத்தை நினைத்துக்கொண்டால் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அன்றைய ஆங்கில புராட்டஸ்டன்ட் வீடுகளில் சாதாரணமாக இருந்த வெறுப்பு அது. அதை நியாயப்படுத்த நான் தயாரில்லை.

ஆனால் கண்ணை முழுக்க மூடிக்கொள்ளவும் இல்லை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததைச் சொல்லும்போது, பல மடங்கள் பெயருக்குத்தான் மடங்கள் என்கிறார். கூடவே, அரசனின் ஆட்கள் நல்ல துறவிகளையும் கெட்டவர்களோடு சேர்த்துத் தண்டித்தார்கள், அழகான பொருட்களையும் அரிய நூலகங்களையும் அழித்தார்கள் என்கிறார். யூதர்கள் விஷயத்தில் அவர் இன்னும் தெளிவு. முதலாம் ரிச்சர்ட் முடிசூடியபோது லண்டனில் நடந்த கொலைகளைக் கொலை என்றே எழுதுகிறார், யார்க் கோட்டையில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு நேர்ந்ததையும் பூசி மெழுகவில்லை.

1689லயே ஏன் நிறுத்திட்டார்?

அவரே சொல்கிறார்: 1688 புரட்சிக்குப் பிறகு நடந்தவற்றை இப்படிப்பட்ட நூலில் எளிதாகச் சொல்லவும் முடியாது, எளிதாகப் புரியவும் செய்யாது. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைச் சின்ன முடிவுரையில் ஓடிக் கடக்கிறார்.

அது சாக்குப்போக்கு இல்லை என்று நினைக்கிறேன். இந்த நூலின் முறை, கெட்ட ராஜாவை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்பது. நாடாளுமன்றமும் கட்சிகளும் கடனும் வணிகமும் ஆளத் தொடங்கிய காலத்தில், திட்டுவதற்கு ஒரே ஆள் அகப்படமாட்டார்.

தொடரா வந்தது புத்தகத்துக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும். ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்க வேண்டும், முந்தையதைப் படிக்காதவருக்கும் பிடிபட வேண்டும். அதனால் ஓர் அரசருக்கு ஓர் அதிகாரம் என்ற கட்டு நன்றாக உதவியது. ஒரு ராஜா வந்தார், என்ன செய்தார், எப்படிச் செத்தார், முடிந்தது.

கெட்டது என்னவென்றால், அரசர்களுக்கு நடுவே மெதுவாக மாறும் விஷயங்களுக்கு இடமே இல்லை. விவசாயம், மொழி, நகரங்கள், சாப்பாடு எதுவும் தொடர்ந்து வராது. முதல் சில அதிகாரங்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நின்று பார்க்கிறார், பிறகு அந்த நிதானம் தேய்ந்துவிடுகிறது. மூன்று ஆண்டு இழுத்த வேலையின் களைப்பு பிற்பகுதியில் தெரிகிறது. கொலை, சிரச்சேதம், மறுபடி கொலை என்று வரிசையாகப் போகும் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தால் மரத்துப்போகும். இது இடைவெளி விட்டுப் படிக்க எழுதியது. அப்படியே படியுங்கள்.

இந்தியாவைப் பத்தி என்ன சொல்றார்?

கதை 1689இல் நிற்பதால் இந்தியாவுக்கு இடம் வரவே இல்லை. ஆனால் பேரரசின் நிழல் ஓரிடத்தில் நன்றாக விழுகிறது. ஆல்ஃபிரடின் கதையை முடிக்கும்போது சாக்சன் இனத்தின் குணத்தை உலக நாடுகளுக்குள்ளேயே பெரியது என்று புகழ்ந்து, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று அவர்கள் போன இடமெல்லாம் பொறுமையும் விடாமுயற்சியும் காட்டினார்கள் என்கிறார். ராஜாக்களின் பொய்யைத் தோலுரித்தவர், தன் இனத்தைப் பற்றிய பொய்யைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகக் கொடுக்கிறார். நம் பிள்ளைகளோடு படிக்கும்போது இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். நின்று பேசுங்கள்.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. நூல் யாருக்குச் சமர்ப்பணமோ அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வால்டர். தொடர் தொடங்கும்போது 10 வயதை எட்டிக்கொண்டிருந்தார். 1857இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர இந்தியா வந்தார். 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தார், வயது 22. அதே 1857 அக்டோபரில், கிளர்ச்சிச் செய்திகள் லண்டனை எட்டிய நேரத்தில், டிக்கன்ஸ் தன் தோழியும் பெரும் கொடையாளருமான ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தான் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்று எழுதினார். வாட் டைலருக்காக எழுதிய அதே கை. மகன் அங்கே இருந்த கவலை என்று இதைச் சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இவர் மட்டும்தானா, வேற யாரும் இப்படித் தொடர் எழுதலையா?

முக்கியமான இன்னொருவர் ஷார்லட் யங். அதே 1851இல் ‘மன்த்லி பாக்கெட்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். 15 முதல் 25 வயது வரையுள்ள இளம்பெண்களை மனதில் வைத்து நடத்திய, ஆங்கிலத் திருச்சபைச் சார்புள்ள பத்திரிகை. அதில் அவர் எழுதிய ‘கேமியோஸ் ஃப்ரம் இங்கிலிஷ் ஹிஸ்டரி’ வருடக்கணக்கில் ஓடியது. புத்தகமாக 1868 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. மேட்டிமைத் திருச்சபைக் கருத்து தன் பிள்ளை தலையில் ஏறக் கூடாது என்று டிக்கன்ஸ் பயந்தாரே, யங் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்தான். மனிதர்களையும் நிகழ்வுகளையும் நினைவில் நிற்கும் தனித்தனிச் சித்திரங்களாகத் தருவது அவர் முறை. டிக்கன்ஸிடம் இருக்கும் சூடு இவரிடம் கிடையாது. பொறுமையும் விவரமும் கூடுதல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே டன்ஸ்டன், ஒரே பேராயர் பெக்கெட் எப்படி இரண்டு மனிதர்களாகத் தெரிகிறார்கள் என்று பார்க்கலாம்.

தொடராக வராத, ஆனால் அந்தக் காலப் பிள்ளைகள் அதிகம் படித்த நூல், மரியா கால்காட் 1835இல் எழுதிய ‘லிட்டில் ஆர்தர்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’. மரியா கிரஹாம் என்ற பெயரில் இவர் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, மும்பை, இலங்கை, சென்னை, கல்கத்தா என்று சுற்றி, 1812இல் பயண நூல் வெளியிட்டவர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர்.

பள்ளிக்கூடத்துல பாடமாவே வெச்சிருந்தாங்களாமே?

ஆமாம். வீட்டுக்காக எழுதியது காலப்போக்கில் பிரிட்டிஷ் பள்ளிகளுக்குள் நுழைந்து, 20ஆம் நூற்றாண்டிலும் நன்றாகப் புழங்கியது. மறுபதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. பின்னாளில் மார்கஸ் ஸ்டோன் வரைந்த படங்களோடும் வந்தது.

என் பொண்ணுக்கு 9 வயசு. கையில கொடுத்துடலாமா?

கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கூட உட்கார்ந்து படியுங்கள். கண்ணைப் பிடுங்குவது, உயிரோடு எரிப்பது, தலை வெட்டுவது எல்லாம் மறைக்காமல் வருகிறது. மேரி காலத்து எரிப்புகள், இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நீதிபதி ஜெஃப்ரிஸின் தூக்குத் தண்டனைகள் இரண்டும் 9 வயதுக்கு அதிகம். அவை காத்திருக்கட்டும்.

ஆல்ஃபிரட், வெள்ளைக் கப்பல், வாட் டைலர், இரண்டாம் சார்லஸ் என்ற வரிசையில் தொடங்குவது என் வழக்கம். ஓர் அமர்வுக்கு ஒன்று. படித்து முடித்ததும், ‘இவர் சொல்றது நியாயமா?’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். இந்த நூலோடு சண்டை போடும் பிள்ளைதான் இதை ஒழுங்காகப் படித்த பிள்ளை. 12, 13 வயதில் சாக்சன் பத்தியையும் 1857 கடிதத்தையும் சேர்த்துப் பேசலாம்.

பத்திரிகைல வந்த பக்கங்களை அப்படியே பார்க்க முடியுமா? தமிழ்ல மொழிபெயர்த்தா பிரச்சினை வருமா?

பார்க்கலாம். ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழ்கள் முழுவதும் ‘டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்’ தளத்தில் பக்கம் பக்கமாக இலவசமாக இருக்கின்றன. 1851 ஜனவரி 25 இதழைத் திறந்தால் முதல் பகுதியை, அந்த வாரம் சுற்றிலும் என்ன வந்ததோ அதோடு சேர்த்துப் படிக்கலாம். வெறும் எழுத்து வடிவம் போதுமென்றால் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் முழு நூலும், லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் உண்டு.

மொழிபெயர்ப்புக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். டிக்கன்ஸ் இறந்தது 1870இல், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. தனியாக அதிகாரங்களை எடுத்து மொழிபெயர்க்க விரும்புகிறவர்கள் முதலாம் ஹென்றியிலிருந்து தொடங்கலாம். அளவாக இருக்கிறது, வெள்ளைக் கப்பலும் அதில்தான் வருகிறது.